யாரோ தள்ளிவைத்த இருக்கை

என் வண்டியை யாரோ ஓட்டியிருக்கிறார்கள் என்பது உட்கார்ந்தவுடனே தெரிந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கை பின்னால் தள்ளியிருந்தது. நான் குள்ளம். ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டுகிற ரகம். இப்போது கால் பிரேக்குக்கு எட்டவில்லை. அதோடு பெட்ரோல் முள் நான் விட்டுப்போன இடத்தைவிட மேலே நின்றது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. சும்மா எடுத்து ஓட்டியவன் எதற்காகப் பெட்ரோல் போட்டு வைக்கிறான்? மடியில் கனம் இருக்கிறவன்தான் போடுவான்.

போதாததற்கு வண்டி சுத்தமாக இருந்தது. கண்ணாடியில் தூசி இல்லை, கால்மிதியில் மண் இல்லை. இருக்கை இடுக்கில் கிடந்த பழைய டீக் கப்கூட இல்லை. வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டி இவ்வளவு சுத்தமாக இருந்ததே கிடையாது. ஒருவாரப் பயிற்சிக்காக வெளியூர் போய்விட்டு அன்று காலையில்தான் திரும்பியிருந்தேன். ரயில் அசதியெல்லாம் ஒரு நொடியில் பறந்துபோனது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காட்டு விலங்குகளுக்கு வரும் நோய்களைப் படிப்பது என் தொழில். செத்து விழுந்த பறவை, வாயில் நுரை தள்ளிய நரி, கொத்துக் கொத்தாக மரத்திலிருந்து உதிர்ந்த வௌவால் என்று எது வந்தாலும், அது ஏன் செத்தது, அதைக் கொன்ற கிருமி மனுஷனுக்குத் தாவுமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வேலை. இந்த வேலைக்கு மூலதனமே சந்தேகம்தான். மேசையில் கிடத்தியிருக்கும் புறா கண்ணாடியில் மோதிச் செத்தது என்று கொண்டுவந்தவர் சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன். அறுத்துப் பார்த்த பிறகும் பாதிதான் நம்புவேன்.

இந்தக் குணம் ஆய்வுக்கூடத்தோடு நின்றால் பரவாயில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிடலாம், குணத்தை எங்கே கழற்றுவது? அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அக்காவின் கணவர், என் அத்தான், எனக்கு வைத்த பெயர் போலீஸ். நான் படியிறங்கும் சத்தம் கேட்டாலே, "எல்லாரும் கையத் தூக்குங்க, போலீஸ் வருது" என்பார். ஏசி பழுது பார்க்கிறவர். தன் கூட்டாளியோடு சேர்ந்து சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். தூக்கத்தில்கூடச் சிரிக்கிற மனுஷன். அப்படிப்பட்டவர்கள் மேல் எனக்கு ஒரு கண் எப்போதும் உண்டு.

அன்றே விசாரணையைத் தொடங்கினேன். முதலில் அக்கா.

"யாருக்கா என் வண்டிய எடுத்தது?"

"உன் வண்டிய யாருடி எடுப்பா? செத்த காக்கா நாத்தம் அடிக்குது."

"இப்ப அடிக்கலையே. ஷாம்பு வாசனைல்ல வருது?"

அக்கா துணி மடிப்பதில் மும்முரமாகிவிட்டாள். அத்தான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். "வண்டி சுத்தமா இருக்குன்னு புகார் குடுக்கிற ஒரே ஆள் நீதான், போலீஸ்" என்றார். ஆனால் முகத்தைத் திருப்பவே இல்லை.

மாற்றுச் சாவி ஒன்று எங்கள் ஆய்வுக்கூட ஓட்டுநரிடம் இருந்தது. சர்வீசுக்கு விடுவதெல்லாம் அவர்தான். அதனால் சந்தேகம் முழுவதும் அவர் தலையில் இறங்கியது. நெட்டையான ஆள் வேறு. இருக்கை தள்ளியிருந்த தூரத்துக்கும் அவர் காலுக்கும் அச்சாகப் பொருந்தியது. கேட்டபோது தன் குழந்தைகள் மேல் சத்தியம் செய்தார். சத்தியம் செய்யச் செய்ய என் சந்தேகம் வளர்ந்தது. சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. தேவையிருந்தால் ஆய்வுக்கூட வேனைப் பார்த்துப் பேசுவார்.

அந்த வாரத்திலேயே வண்டி விஷயத்தைத் தூக்கிச் சாப்பிடுகிற வேலை வந்துவிட்டது. நகரப் பூங்காவில் பச்சைக்கிளிகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. நான் ஊருக்குப் போவதற்கு முன்பு வந்த கிளிகளின் முடிவு இப்போதுதான் கைக்குக் கிடைத்தது. கிளிக் காய்ச்சல். பறவைகளின் எச்சத்தில் இருக்கும் ஒரு கிருமி. எச்சம் காய்ந்து பொடியாகிக் காற்றில் பறந்தால், மூச்சோடு மனுஷன் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காய்ந்த தூசியில் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, பூங்காவைப் பூட்டவைத்து, கூட்டுகிறவர்களிடமும் காவலாளிகளிடமும் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன். யார் எந்த மரத்தடியில் நின்றார்கள், யார் எதைத் தொட்டார்கள் என்று ஒன்றையும் விடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தான் படுத்தார்.

முதலில் தலைவலி என்றார். அப்புறம் குளிர் காய்ச்சல், வறட்டு இருமல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று பக்கத்து மருந்துக்கடை மாத்திரையை விழுங்கிக்கொண்டு வேலைக்கும் போய்வந்தார். ஒருநாள் காலையில் படியேறி வந்து என் கதவைத் தட்டியவர் பேச மூச்சில்லாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் வண்டியில்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். பின்னிருக்கையில் அக்காவின் தோளில் சாய்ந்து கிடந்தவர், அந்த நிலைமையிலும், "பாத்துப் போ, பின்னாடி தூண் கீண் இருக்கும்" என்று முனகினார். காய்ச்சல் வேகத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து நுரையீரல் அழற்சி என்றார்கள். வழக்கமான மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மருந்தை மாற்றினார்கள், அதற்கும் இறங்கவில்லை. எனக்கு மூக்கு வியர்க்கத் தொடங்கியது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரை நடைபாதையில் மடக்கினேன். என் வயதுப் பெண்தான். தூக்கமில்லாத கண், அவசரமில்லாத பேச்சு.

"கிளிக் காய்ச்சலா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு, டாக்டர். இங்க பறவைங்க மத்தியில ஓடிட்டிருக்கு. அதுக்கான மருந்த ஆரம்பிச்சிடுங்களேன்."

"அந்த மருந்துக் குடும்பம் அவருக்கு ஒத்துக்காது, தெரியுமா? முன்ன ஒரு தடவ குடுத்து, தொண்டை வீங்கி, மூச்சே நின்னிருக்கு. பழைய கேஸ் ஷீட்ல இருக்கு."

எனக்குத் தெரியாது. அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் நடந்ததாம்.

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

"பண்ணலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுல வெச்சு, துளித் துளியா ஏத்தி, உடம்பப் பழக்கி குடுக்கலாம். ஆனா அதுவே ஆபத்து. இருக்கிற மூச்சும் போயிடலாம். ரத்தத்த பெரிய லேபுக்கு அனுப்பியிருக்கேன், வர ஒரு வாரமாகும். அதுக்கு முன்னாடி குடுக்கணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும். அவருக்கும் பறவைக்கும் எங்க தொடர்பு? அதச் சொல்லுங்க, இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். வெறும் சந்தேகத்துக்கு என்னால மருந்து குடுக்க முடியாது."

வாழ்நாள் முழுக்கச் சந்தேகத்தை வைத்தே பிழைத்தவளிடம் சொன்ன வார்த்தை அது. சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

நேராக வார்டுக்குப் போனேன். அத்தான் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு சாய்ந்திருந்தார். அக்கா அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்ட விதத்திலேயே இருவருக்கும் புரிந்திருக்கவேண்டும்.

"அத்தான், பார்க்குப் பக்கம் போனீங்களா?"

"இல்ல."

"பறவை எதையாச்சும் தொட்டீங்களா? செத்தது, உயிரோட, எதுவானாலும்."

"இல்லம்மா."

"புறாக் கூடு இருக்கிற ஏசி எதையாவது கழட்டினீங்களா?"

"இந்த மாசம் எல்லாமே புது வீடு. கூடு கட்ட புறாவுக்கு இன்னும் தகவல் போகல." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

"சரி. கிருமி உள்ள போய் காய்ச்சலா வர ஒரு வாரம் பத்து நாளாகும். நான் ஊர்ல இல்லாதப்ப வந்த சனிக்கிழமை, பட்டறைக்குப் போனீங்களா?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா அத்தானைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடிக்குள் அவர்கள் ஒரு முழு உரையாடலை நடத்தி முடித்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்புறம் அக்கா இருமினாள். சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கமான இருமல். அப்பா கேள்வி கேட்டுப் பதில் சொல்ல முடியாதபோதெல்லாம் அக்கா இப்படித்தான் இருமுவாள்.

"போயிருப்பாரு. எனக்கு ஞாபகமில்ல" என்றாள்.

"எதுக்குக்கா இருமுற?"

"தொண்டை கரகரங்குதுடி. இருமறதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா? மனுஷன் மூச்சுக்கு அல்லாடிட்டு இருக்காரு, நீ சனிக்கிழமை ஞாயித்துக்கிழமைன்னு குடைஞ்சிட்டு இருக்கே."

இரண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். அது மட்டும் உறுதியாகிவிட்டது. வெளியே ஏதாவது தொடுப்பு என்றால் அக்கா உடந்தையாக இருக்கமாட்டாள், கரண்டியைத்தான் தூக்கியிருப்பாள். அப்படியானால் வேறு என்ன? சட்டத்துக்குப் புறம்பாகத்தான் ஏதோ இருக்கவேண்டும். கிளிகளைப் பிடித்து விற்கிற கும்பல்கள் உண்டு என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அத்தானின் கூட்டாளி என்ன செய்கிறான், எப்படிச் சம்பாதிக்கிறான் என்று யார் கண்டது? மருத்துவமனைப் படி இறங்குவதற்குள் என் மனசு அத்தானுக்கு ஒரு முழுக் குற்றப்பத்திரிகையே எழுதி முடித்திருந்தது.

பட்டறை ஒரு குறுகலான சந்தின் முனையில் இருந்தது. வாசலெல்லாம் தாமிரக் குழாயும் பிரித்துப் போட்ட ஏசிப் பெட்டிகளும். கூட்டாளி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். என்னைவிட இளையவன். எப்போதும் அக்கா, அக்கா என்று பணிவாக இருப்பான். அன்று அவன் விழித்தது திருட்டு முழியாகத்தான் எனக்குத் தெரிந்தது.

"அந்த சனிக்கிழமை அவரு இங்க வந்தாரா?"

"எந்த சனிக்கிழமைக்கா?"

"நான் ஊர்ல இல்லாத சனிக்கிழமை."

"நீங்க ஊர்ல இல்லன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

பேச்சைத் தொடராமல் பட்டறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினேன். பின்சுவரில் ஒரு பெரிய கம்பிக் கூண்டு தொங்கியது. கிட்டே போனேன்.

"இது என்ன?"

"கூண்டுக்கா."

"அது தெரியுது. இதுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. வெளிய வெக்கிற ஏசி யூனிட்டுக்கு மேல மாட்டுற கம்பி வலை. திருட்டுப் போகாம இருக்க. பழைய வீட்ல கழட்டினது."

நான் நம்பவில்லை. பையிலிருந்து கையுறையையும் முகக்கவசத்தையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியால் கூண்டின் ஒவ்வொரு கம்பியையும் துடைத்தேன். மொட்டைமாடிக்கு ஏறி, புறா எச்சம் படிந்த இடங்களையெல்லாம் துடைத்தேன். அத்தான் கழற்றி மாட்டும் வேலை உடுப்பையும் விடவில்லை. கூட்டாளி ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு, வாய்க்குள்ளேயே எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். ஆய்வுக்கூடத்துக்குப் போய் எல்லாவற்றையும் நானே பரிசோதனைக்கு வைத்தேன். கிருமி இருந்தால் இயந்திரத்தின் திரையில் கோடு மேலே ஏறும்; அதன் முன்னால் உட்கார்ந்து, ஏறும் ஏறும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூட ஏறவில்லை. கூண்டில் துரு இருந்தது. மாடியில் வெறும் புறா எச்சம் இருந்தது. கிருமி எங்கேயும் இல்லை.

ஒரு கிருமி இல்லையே என்று அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அந்தக் கூண்டில் அது இருந்திருந்தால் அத்தான் குற்றவாளி ஆகியிருப்பார், ஆனால் அவர் பிழைக்க வழி கிடைத்திருக்கும்.

மறுநாள் காலை அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். என் அக்கா எங்கேயும் தரையில் உட்காரமாட்டாள். டாக்டர் என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏதாவது கிடைச்சுதா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார். நான் மறுபடி பட்டறைக்கு வண்டியை விரட்டினேன்.

இந்தத் தடவை எனக்குக் கேள்வி கேட்கக்கூடத் தெம்பில்லை. வாசலில் நின்று, "அவருக்குக் குழாய் போட்டு மூச்சு குடுக்கப் போறாங்களாம்" என்றேன். அவ்வளவுதான். கூட்டாளி அப்படியே ஏசிப் பெட்டி மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"நான் சொல்லிடறேங்க்கா. அவரு சொல்லக்கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. ஆனா இதுக்கும் அவரு காய்ச்சலுக்கும் சம்பந்தம் இல்லக்கா, அதனாலதான் நான்..."

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலக்கா. உங்க வண்டியத்தான்."

"என் வண்டியையா?"

"உங்க அக்காவுக்குப் பழைய வாஷிங் மெஷின் ஒண்ணு மலிவா வந்துச்சு. எங்க வண்டி ரிப்பேர்ல நின்னுச்சு. நீங்க மாடியில விட்டுட்டுப் போன சாவிய எடுத்து, உங்க வண்டியில போனாரு. திரும்பும்போது பின்னாடி தூண்ல இடிச்சு பம்பர் ஒடுங்கிப் போச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்னு பயந்து, தெரிஞ்ச பெயின்ட் பட்டறையில விட்டு சரி பண்ணினாரு. அப்புறம் மனசு கேக்காம வண்டி பூராவும் சுத்தம் பண்ணணும்னு, நம்ம புளோவரக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

"எந்த புளோவர்?"

அவன் மூலையில் கிடந்ததைக் காட்டினான். ஏசிக்குள் அடைத்த தூசியை ஊதித் தள்ளுகிற காற்றுக் கருவி. கையில் பிடித்து அழுத்தினால் வருஷக்கணக்கில் படிந்த தூசி மேகமாகக் கிளம்பும்.

"டிக்கிக்குள்ள தலைய விட்டு ஊதினேன், எவ்வளவு தூசிடா அப்பான்னு சொல்லிச் சிரிச்சாருக்கா."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

டிக்கி.

ஊருக்குப் புறப்படும் முன்தினம் பூங்காக் காவலாளி என்னைக் கூப்பிட்டிருந்தார். கிளிகள் செத்துக் கிடக்கின்றன என்றார். ஆய்வுக்கூட வேன் வேறு எங்கோ போயிருந்தது. அதற்குள் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும், மாதிரி கெட்டுவிடும் என்ற பரபரப்பில் நானே போனேன். செத்த பறவையைச் சொந்த வண்டியில் ஏற்றக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சர்வசாதாரணமாக மீறுகிற விதியும் அதுதான். வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஆந்தையை வைத்த கதையை நாங்கள் கூடும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்போம். வேலை மேல் அவ்வளவு பைத்தியம் என்று அதில் ஒரு பெருமை வேறு. காவலாளி கொடுத்த அட்டைப்பெட்டியில் போட்டு, டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தேன். பெட்டியின் அடி கொஞ்சம் கிழிந்திருந்தது. ஆய்வுக்கூடத்துக்குள் அந்தப் பெட்டி நுழைந்த நிமிஷத்திலிருந்து எல்லாம் முறைப்படி நடந்தது. மூன்று உறை, கண்ணாடிக் கூடு, கையுறைக்கு மேல் கையுறை. அதற்கு முந்தைய அரைமணி நேரம் என் மனசில் பதியவே இல்லை. பூங்காவில் கூட்டுகிறவர்களைக் குடைந்து குடைந்து கேட்டேனே, என்னை நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு டிக்கியைத் திறந்தேன். மேல்விரிப்பு பளிச்சென்று இருந்தது. விரிப்பைத் தூக்கி, மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியின் ஓரத்தில் டார்ச் அடித்தேன். புளோவர் காற்று எட்டாத இடுக்கில் சாம்பல் நிறத்தில் பொடியாக எச்சம் ஒட்டியிருந்தது. அதில் சிக்கி ஒரு சின்னப் பச்சை இறகு.

எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன்! ஓட்டுநரை, கூட்டாளியை, என் கூடப்பிறந்தவளை, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த மனுஷனை. வெட்கத்தில் உடம்பு கூசியது.

மருத்துவமனைக்குத் திரும்பும் வழியில் இன்னொரு எண்ணம் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதைக்கே அர்த்தமில்லை. அத்தான் பூங்கா வழியாகப் போனார், அங்கே செத்த கிளியைப் பார்த்து ஓரமாகத் தள்ளினார் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டால் போதும். அதே மருந்துதான். இன்றைக்கே ஆரம்பித்துவிடுவார்கள். அத்தான் பிழைப்பார். என் வேலையும் பிழைக்கும். அக்கா என்னைப் பார்க்கும் பார்வையும் மாறாது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, ஏனென்றால் இதையெல்லாம் தோண்டிக் கண்டுபிடிக்கிற ஆள் நான் ஒருத்திதான். டாக்டரின் அறைக் கதவைத் தள்ளியபோது அந்தப் பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

உள்ளே அக்காவும் இருந்தாள். எதிலோ கையெழுத்துப் போடக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தொடர்பு கிடைச்சிருச்சு, டாக்டர்" என்றேன்.

டாக்டர் எழுந்தே விட்டார். "எங்க?"

நான் வாயைத் திறந்தேன். அப்போது அக்கா இருமினாள். யாரும் அவளை எந்தக் கேள்வியும் கேட்டிருக்கவில்லை. மறைப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பிய வறட்டு இருமல். இருமி முடித்து, புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது. அழுததால் சிவந்தது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன்.

"அக்கா, வண்டிய சுத்தம் பண்ணும்போது நீயும் கூட இருந்தியா?"

அக்கா வெளிறிப்போனாள். "எந்த வண்டி?"

"எனக்குத் தெரியும்க்கா. எல்லாம் தெரியும். நீயும் இருந்தியா?"

"டிக்கி மேட்ட உதறினேன்" என்றாள் மெல்ல. "வாஷிங் மெஷின் எனக்காகத்தாண்டி. உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் அவரு சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். நீ ஒரு வாரம் விசாரணை வைப்பே, எதுக்கு வம்புன்னு..."

போய் அக்காவின் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. பூங்காப் பொய் இவளைக் காப்பாற்றாது. திரும்பி, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பார்க்ல செத்த கிளிங்களை என் வண்டி டிக்கியில ஏத்திட்டு வந்தேன். அதுங்களுக்கு கிளிக் காய்ச்சல்தான், ரிசல்ட்டுல என் கையெழுத்தே இருக்கு. டிக்கிய நான் கழுவல. அந்தத் தூசிய அத்தான் புளோவர் வெச்சு ஊதியிருக்காரு. இவ மேட்ட உதறியிருக்கா. இவளுக்கும் காய்ச்சல் அடிக்குது. பெயின்ட் பட்டறையில ஒருத்தர் இருக்காரு, அவரையும் கூப்பிட்டுப் பாக்கணும்."

டாக்டர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அத்தானுக்கு மருந்து துளித் துளியாக இறங்கத் தொடங்கியபோது நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்குகிறதா, வீங்குகிறதா என்று. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. அக்காவுக்கு மாத்திரை கொடுத்து பக்கத்து வார்டில் படுக்கவைத்தார்கள். என்னோடு அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பெயின்ட் பட்டறைக்காரர் கல்லுக்குண்டு மாதிரி வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் ஆய்வுக்கூட இயக்குநரிடம் நானே போய்ச் சொன்னேன். அவரும் ஆந்தைக் கதைக்குச் சிரித்தவர்தான். அன்று சிரிக்கவில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்றார். முழு உடல் கவசம் போட்ட ஆட்கள் வந்து என் வண்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஆய்வுக்கூட ஓட்டுநர்தான் இழுவை வண்டியை ஓட்டினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முதல்முறையாக வேனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "உங்க அத்தான் எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டார்.

அத்தானின் காய்ச்சல் இறங்கியது. தொண்டை வீங்கவில்லை. குழாய் போடுகிற நிலை வராமலே போய்விட்டது. அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்று, பக்கத்துக் கட்டிலில் அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. விஷயத்தை அவருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அத்தான் என்னைப் பார்த்ததும் கையைக் கொஞ்சம் தூக்கினார். போலீஸ் வருது என்று சொல்லத் தெம்பில்லை. பக்கத்தில் வரச்சொல்லிச் சைகை காட்டினார். போய் உட்கார்ந்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். குரல் காற்றாக வந்தது. "உள்ள படுத்திருக்கும்போது அதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சொல்லாம போயிடுவேனோன்னு. உன் வண்டிய இடிச்சது நான்தான். மன்னிச்சிடு."

"அத்தான், அந்த வண்டியில நான் செத்த கிளிங்களை ஏத்திட்டு வந்திருந்தேன். நீங்க ஊதினது அந்தத் தூசி. உங்களுக்கு இது வந்ததுக்குக் காரணம் நான்தான்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அப்புறம் என் பக்கம் மெல்லத் திரும்பினார். கண்ணில் பழைய பயம் அப்படியே இருந்தது.

"அப்ப, பம்பருக்கு விசாரணை கிடையாதுதானே?"

நான் உடைந்து அழுதேன். அவர் கட்டிலின் ஓரத்தில் தலையை வைத்து, சுற்றி இருக்கிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன். கொன்றிருப்பேனே என்ற பயத்தைவிட, சாவின் வாசலில் படுத்துக்கொண்டும் இந்த மனுஷன் எனக்குத்தான் பயந்துகொண்டிருந்தார் என்பதுதான் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் முதுகில் ஒரு கை விழுந்தது. அக்காவின் கை.

"எந்தப் பக்கம் இடிச்சீங்க?" என்று கேட்டேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இடது பக்கம். பின்னாடி."

வண்டி திரும்பி வந்ததும் பார்த்தேன். இருக்கை தள்ளியிருந்ததையும் பெட்ரோல் முள் ஏறியிருந்ததையும் கண்டுபிடித்தவள் நான். பம்பரின் இடது பக்கத்தை வெயிலில் வைத்து, குனிந்தும் நிமிர்ந்தும், கையால் தடவியும் பார்த்துவிட்டேன். ஒடுங்கிய இடம் எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.